பத்துக்கு இரண்டு

எலும்பு மருத்துவர் அறைக்குள் நுழைந்ததும் கேட்கப்படும் முதல் கேள்வி இது: வலி பத்துக்கு எத்தனை? வலியே இல்லையென்றால் பூஜ்யம். உயிர் போகிறது என்றால் பத்து. ஒன்பது வருஷமாக இந்தக் கேள்விக்கு நான் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தேன். இரண்டு. அந்த இரண்டு என் வலது காலைக் கிட்டத்தட்டக் கொண்டுபோய்விட்டது.

இப்போது கால் இருக்கிறது. ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். அபுதாபிக்கு மேற்கே இந்த ருவைஸில் பார்க்கிறவர்கள் எல்லாரும் "என்னாச்சு செந்தில் சார்?" என்று கேட்கிறார்கள். லிஃப்டில் கேட்டால் மூன்று மாடிக்குள் சொல்லி முடிக்க வேண்டியிருக்கிறது. அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். வலியை மறைக்கிறவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் என்பதும் ஒரு காரணம்.

முதலில் என் பிழைப்பைச் சொல்ல வேண்டும். அது புரியாவிட்டால் நான் ஏன் இப்படி ஒரு முட்டாள் என்பதும் புரியாது. இப்போது நான் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியன். அதற்கு முன்னால் அமெரிக்காவில் ஆறு வருஷம் சம்பளத்துக்குப் பந்து உதைத்தேன். நம் ஊர் ஃபுட்பால் இல்லை. ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு ஆள் மேல் ஆள் விழுவார்களே, அந்த அமெரிக்கன் ஃபுட்பால். பந்து உரித்த தேங்காய் மாதிரி இரண்டு பக்கமும் கூராக இருக்கும். அதில் கிக்கர் என்று ஒரு ஆள் உண்டு. மற்றவர்கள் மூன்று மணி நேரம் முட்டி மோதுவார்கள். அவ்வப்போது, கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துப் புள்ளி எடுக்க வேண்டிய நேரம் வரும்போது மட்டும் அவனைக் கூப்பிடுவார்கள். ஒருவன் பந்தைப் பின்னால் எறிவான். இன்னொருவன் மண்டியிட்டு அதைப் பிடித்து, நுனியில் ஒரே ஒரு விரலை வைத்துத் தரையில் நிறுத்துவான். கிக்கர் வந்து உதைப்பான். எல்லாம் சேர்த்து ஒன்றேகால் வினாடி.

நான் பிறந்தது கரூரில். வளர்ந்தது பஹ்ரைனில், ஈசா டவுனில். அப்பா அங்கே ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்த்தார். பந்து உதைத்தே அமெரிக்கக் கல்லூரியில் இடம் பிடித்தேன். எனக்கு முதல் அணியில் இடம் கிடைத்த செய்தியைப் போனில் சொன்னபோது அம்மா கேட்டாள்:

"மூணு மணி நேர ஆட்டத்துல நீ எவ்ளோ நேரம்டா ஆடுவ?"

"மொத்தமா கூட்டினா அரை நிமிஷம் இருக்கும்மா."

"மிச்ச நேரம்?"

"ஓரமா நிப்பேன்."

"இதுக்குச் சம்பளம் வேற குடுக்கறானா?"

அப்பாதான் என் மானத்தைக் காப்பாற்றினார். "கெட்டிமேளம் தட்டறவருக்கும் அரை நிமிஷ வேலைதான். அது தப்பிப்போச்சுன்னா கல்யாணமே கந்தல்," என்றார். என் தொழிலை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பயிற்சியாளரும் சொன்னதில்லை.

உதைக்கப் போகுமுன் மூன்றடி பின்னால் நடக்க வேண்டும், இரண்டடி இடது பக்கம். எல்லா வலதுகால் கிக்கரும் செய்வதுதான். எனக்கு அதைச் செய்து செய்து பழக்கம் வந்தது கல்லூரி நாட்களில், யாருமில்லாத ஒரு பூங்காவில். அப்போது பந்தைப் பிடித்தது வளர்மதி. திருநெல்வேலிக்காரி, அதே பல்கலைக்கழகத்தில் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்துக்கொண்டிருந்தாள். குளிரில் மண்டியிட்டு, கையுறையைக் கழற்றிவிட்டு, ஆள்காட்டி விரலால் பந்தைப் பிடித்தபடி, "உதைங்க, சும்மா யோசிச்சிட்டு நிக்காதீங்க," என்பாள். ஆயிரக்கணக்கான தடவை உதைத்திருக்கிறேன். அவள் விரலில் ஒரு தடவைகூட என் கால் பட்டதில்லை. கடைசியில் அவளையே கட்டிக்கொண்டேன்.

இப்போது அந்த இரண்டுக்கு வருகிறேன்.

முதல் வருஷம், முதல் அணி. தொடையின் உள்பக்கம் ஒரு சுளுக்கு. அணியின் பிசியோ பத்துக்கு எத்தனை என்று கேட்டார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உண்மையைச் சொன்னேன்: ஐந்து. அது திங்கட்கிழமை. அமெரிக்காவில் இந்த ஆட்டத்தில் செவ்வாய்க்கிழமை ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு நாள். வெளியாட்களைக் கூப்பிட்டுச் சோதித்துப் பார்ப்பதும் அன்றைக்குத்தான். செவ்வாய் காலை ஐஸ் கட்டி வைத்துக்கொள்ளப் போனவன் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மைதானத்தில் மூன்று பேர் வரிசையாக நின்று உதைத்துக்கொண்டிருந்தார்கள், என் கம்பங்களில், என் பந்துகளை. அவர்களில் ஒருவன் என்னைப் பார்த்துக் கையசைத்தான். நல்ல பையன். புதன்கிழமை என் லாக்கரில் அவன் பெயர் ஒட்டியிருந்தது.

அம்மாவிடம் சொன்னபோது, "செவ்வாய் வெறுவாய்னு சும்மாவா சொன்னாங்க," என்று அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, பாடம் மட்டும் வந்தது. அதற்குப் பின் மூன்று அணிகளில் ஆடினேன். நகம் பெயர்ந்தபோதும், இடுப்பு பிடித்துக்கொண்டபோதும், காய்ச்சலில் கண் மங்கியபோதும் யார் கேட்டாலும் இரண்டுதான். பூஜ்யம் என்றால் நம்பமாட்டார்கள். மூன்று என்றால் எழுதிக்கொள்வார்கள். இரண்டுதான் பத்திரமான எண்.

ஒரு கட்டத்தில் போன் வருவது நின்றுபோனது. கிக்கர்களுக்கு ஓய்வு விழா எல்லாம் கிடையாது. போன் வராது, அவ்வளவுதான். வளர்மதிக்கு ருவைஸ் ரிஃபைனரியில் வேலை கிடைத்தது. மகள் இனியாவையும் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தோம். நான்கு வருஷம் ஓடிவிட்டது. உதைக்கிற வேலை போனது. இரண்டு மட்டும் கூடவே வந்துவிட்டது.

போன வருஷம் வெயில் தொடங்கும் நேரத்தில் வலது முட்டிக்கு மேலே ஒரு வலி வந்தது. உள்ளே யாரோ திருகுவது மாதிரி இருந்தது. தைலம் தேய்த்தேன். முட்டியில் பட்டை போட்டேன். பிள்ளைகளுக்கு பெனால்டி உதைத்துக் காட்ட இடது காலைப் பயன்படுத்தி, "ரெண்டு காலும் பழகணும்டா," என்று தத்துவம் பேசினேன். வளர்மதி கேட்டாள்:

"ஏன் நொண்டுதீங்க?"

"ஷூ கடிக்குது."

"வீட்டுக்குள்ள வெறுங்காலோடதான நடக்கீங்க?"

குளிக்கப் போய்விட்டேன். இப்படி ஐந்து மாதம்.

அதே நாட்களில் இனியா சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள். ஏழு வயது. ரத்தம் காலுறை வரை இறங்கியிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, "ஒன்லி டூ, அப்பா, ஒன்லி டூ," என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு நாள் காலை அசெம்பிளி முடிந்து மேடைப் படியில் இறங்கும்போது முட்டி மடங்கிவிட்டது. நாலாம் வகுப்பு முழுவதும் பார்க்க, மைக்கோடு விழுந்தேன். ருவைஸ் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். அங்கிருந்த இளம் மருத்துவர் திரையை என் பக்கம் திருப்பினார். தொடை எலும்பின் கீழ்முனை, முட்டியோடு சேருகிற இடம். வெள்ளையாக இருக்க வேண்டியது எறும்பு அரித்த வெல்லக்கட்டி மாதிரி ஒரு பக்கம் காணாமல் போயிருந்தது. "எவ்வளவு நாளாக வலி?" என்றார். "ரெண்டு வாரம்," என்றேன். அவர் அந்த ஓட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அன்றே அபுதாபிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

ருவைஸிலிருந்து அபுதாபி இரண்டரை மணி நேரம். ஒரு பக்கம் மணல், ஒரு பக்கம் கடல் தெரிந்தும் தெரியாமலும். வளர்மதிதான் ஓட்டினாள். பாதி வழி தாண்டியது. அப்புறம், "எத்தன மாசம்?" என்றாள். "அஞ்சு." ஸ்டியரிங்கை ஒரு தட்டுத் தட்டினாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அபுதாபியில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். குழாய்க்குள் படுக்கவைத்துக் காந்தத்தால் படம் எடுப்பது; நாற்பது நிமிஷம் அசையக்கூடாது, தலைக்கு மேல் யாரோ டிரில் போடுகிற மாதிரி சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பிறகு பயாப்ஸி. தடித்த ஊசியை எலும்புக்குள் செலுத்தி ஒரு துணுக்கை எடுத்து, அது என்ன ஜாதிக் கட்டி என்று பரிசோதிப்பது. முடிவு வர பத்து நாள் என்றார்கள். பத்து நாளும் ஒரே கேள்விதான்: புற்றுநோயா, இல்லையா? அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று: கால் இருக்குமா? அந்தக் காலைத் தவிர நான் வாழ்க்கையில் எதையும் சம்பாதித்ததில்லை. படிப்பும் அதனால், மனைவியும் அதனால்.

அந்த நாட்களில் வளர்மதி டூட்டி முடிந்து வந்து சமைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். டிவியில் ஓடுவது என்னவென்று இருவருக்கும் தெரியாது. பக்கத்து ஃபிளாட் அக்கா தினமும் ஒரு காரணம் சொல்லி இனியாவைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார். பள்ளியின் வாட்ச்மேன், பெஷாவர்க்காரர், ஒரு பை நிறையப் பேரீச்சம்பழம் கொண்டுவந்து வைத்துவிட்டு, "செந்தில் பாய், துவா கரேகா," என்று, வேண்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு உட்காராமலே போனார்.

பத்தாம் நாள். டாக்டர் ஹாத்திம், சிரியாக்காரர், ஆறடி உயரம், குரல் மட்டும் மெல்லியது. நாங்கள் நாற்காலியில் உட்காருமுன்பே கையை விசிறிக் காட்டினார். "கேன்சர் மாஃபி," என்றார். மாஃபி என்றால் இல்லை. எனக்குத் தெரிந்த அரபிச் சொற்களில் இனி 'மாஃபி'க்குத்தான் முதலிடம். வளர்மதி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே அழுதேன்.

ஆனால் அவர் அத்தோடு விடவில்லை. இதற்குப் பெயர் ஜயன்ட் செல் ட்யூமர். நுண்ணோக்கியில் பார்த்தால் செல்கள் பெரிது பெரிதாகத் தெரியுமாம், அதனால் அந்தப் பெயர். புற்றுநோய் இல்லை, ஆனால் கறையான் மாதிரி எலும்பை உள்ளேயிருந்து தின்னும். திறந்து, கரண்டி போன்ற கருவியால் சுரண்டியெடுத்து, அந்தப் பள்ளத்தில் எலும்புக்கென்றே உள்ள சிமெண்டை நிரப்பி, தகடும் ஸ்க்ரூவும் வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். "ஐந்து மாதம் முன்னால் வந்திருந்தால் இது கொண்டைக்கடலை. இப்போது எலுமிச்சம்பழம். முட்டிக்கு மேலே உடையாமல் இருப்பது வெறும் ஓடு," என்றார். கையெழுத்துப் போடச் சொன்ன தாளில், ரத்தக்குழாய்க்கு ஏதாவது ஆனால் காலை எடுக்க நேரலாம் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை மட்டும் மூன்று தடவை படித்தேன். படிக்காமலே போட்டிருக்கலாம்.

வியாழக்கிழமை அறுவை. காலையிலிருந்து பட்டினி. பச்சை கவுன் மாட்டி, காலில் பேனாவால் அம்புக்குறி போட்டு, தள்ளுவண்டியில் ஏற்றி, லிஃப்ட் வரை கொண்டுபோனார்கள். அங்கே ஒரு போன். இன்ஷூரன்ஸ் அப்ரூவல் வரவில்லை. திரும்பக் கொண்டுவந்து படுக்கையில் போட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஆட்டத்தில் இது ஒரு தந்திரம். கிக்கர் உதைக்க ஓடிவரும் அந்த நொடியில் எதிரணி டைம்-அவுட் கேட்கும். அவன் நின்றுபோய், திரும்பவும் மூன்றடி, இரண்டடி நடந்து, அதற்குள் கண்டதையும் யோசித்து நடுங்கட்டும் என்பதற்காக. பல தடவை என்மேல் பிரயோகித்திருக்கிறார்கள். ஒரு தடவையும் இவ்வளவு யோசித்ததில்லை. அப்ரூவல் வெள்ளி மாலை வந்தது. சனிக்கிழமை காலை அறுவை.

இடையில் இருந்த அந்த ஒன்றரை நாளில்தான் பக்கத்துப் படுக்கைக்காரரோடு பழக்கமானேன். முருகேசன் அண்ணன், பரமக்குடிப் பக்கம். சாரம் கட்டுகிற வேலை. சர்க்கரை நோய்க்காரர். பூட்ஸ் உரசிக் காலில் வந்த புண்ணை இரண்டு மாதம் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தார். இங்கே வந்து சேர்ந்தபோது இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

"கேம்ப் டாக்டர்ட்ட காட்டலையாண்ணே?"

"காட்டுனா அன்ஃபிட்டுனு எழுதிருவான் தம்பி. எழுதுனா கலாஸ். மறுவாரமே ஃபிளைட்டுல ஏத்தி விட்ருவான். எனக்குப் பதிலா வாரதுக்கு நாலு பேரு நிக்கிறான்ல, வரிசையா?"

அந்த வரிசை எனக்குத் தெரியும். ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். நான் அதை அவரிடம் சொன்னேன். பந்து உதைக்கக் காசு தருவார்கள் என்பதை அவர் நம்பவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமைக் கதையை நம்பினார். "எல்லா ஊர்லயும் சூப்பர்வைசரு ஒரே மாதிரிதான்," என்றார்.

சனிக்கிழமை அறுவை நல்லபடி முடிந்தது. நான்கு மணி நேரம். கண் விழித்ததும் கைவிட்டுப் பார்த்தேன். கால் இருந்தது. டாக்டர் ஹாத்திம், "முடிந்தது, சுத்தமாக எடுத்துவிட்டேன்," என்று கட்டைவிரலைக் காட்டினார். வளர்மதியை வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். இனியா பக்கத்து ஃபிளாட் அக்கா வீட்டில் இருந்தாள். ரிஃபைனரியில் பராமரிப்புக்காகப் பிளாண்டை நிறுத்தும் ஷட்டவுன் வேலை வேறு நடந்துகொண்டிருந்தது. அவள் மறுநாள் மதியம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

படுக்கைக்கு எதிர்ச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் நர்ஸ் பெயர், தேதி, அதன் கீழே வலிக்கு ஒரு வரிசை. சில மணி நேரத்துக்கு ஒரு தடவை கேட்டு எழுதுவார்கள். எங்கள் வார்டில் ஜின்சி, கோட்டயத்துப் பெண்.

"செந்தில் சேட்டா, வேதனை எத்ரயா? பத்தில்?"

"ரெண்டு, சிஸ்டர்."

"சத்யம் பறயணும் கேட்டோ."

"சத்தியமா ரெண்டுதான்."

அவள் எழுதினாள். நான் சொன்னதைத்தான் எழுத முடியும், அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது அது உண்மையாகவே மூன்றோ நான்கோ இருந்திருக்கும். காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஏறத் தொடங்கியது. கெண்டைக்கால் கல் மாதிரி இறுகியது. கட்டைவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே எறும்பு ஊர்ந்தது, பிறகு மரத்தது. பத்து மணிக்கு ஜின்சி வந்தாள். இரண்டு, என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். அங்கே என்னைக் கழற்றிவிட எந்த அணியும் இல்லை. என் படுக்கையைப் பிடிக்க யாரும் வரிசையில் நிற்கவில்லை. வாய் தானாகச் சொன்னது. அவள் போனதும் சுவர்ப்பக்கம் திரும்பித் தலையணை ஓரத்தைக் கடித்துக்கொண்டேன்.

பன்னிரண்டரைக்கு வளர்மதி வந்தாள். கையில் சாப்பாட்டுப் பை, கழுத்தில் இன்னும் கம்பெனி அடையாள அட்டை. "எப்படி இருக்கு?" என்றாள். "பரவால்ல." பையை வைக்கத் திரும்பியவள் பலகையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். வரிசையாக ஆறு இரண்டு.

"இது என்னது?"

"வலி. ரெண்டுதான்."

"ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சப்பவும் ரெண்டு, ராத்திரியும் ரெண்டு, இப்பவும் ரெண்டா?"

"ஆமா."

அவளுடைய வேலை பிளாண்டில் உள்ள அழுத்தமானி, வெப்பமானி எல்லாம் ஒழுங்காகக் காட்டுகிறதா என்று பார்ப்பது. குரல் அந்த வேலைக்கு மாறிவிட்டது. "என் பிளாண்ட்ல ஒரு கேஜ் ஆறு ரீடிங்கும் ஒரே நம்பர் காட்டிச்சுன்னா, எல்லாம் நல்லாருக்குன்னு எழுத மாட்டோம். கேஜ் ஸ்டக்னு எழுதுவோம். முள்ளு மாட்டிக்கிட்டு நிக்கும், உள்ள பிரஷர் எகிறிட்டு இருக்கும். போயித் தட்டிப் பாக்கணும்."

"மதி, சும்மா இரு. ஒண்ணுமில்ல."

அப்போது திரைக்கு அந்தப் பக்கமிருந்து முருகேசன் அண்ணன் குரல் வந்தது. "தம்பி பொய் சொல்லுது தங்கச்சி. காலையிலருந்து தலகாணியக் கடிச்சிக்கிட்டுக் கெடக்கு. நானும் இப்பிடித்தான் கெடந்தேன். ரெண்டு வெரலு போச்சு."

வளர்மதி படுக்கையின் கால்மாட்டுக்குப் போனாள். போர்வையை விலக்கினாள். குனிந்து, என் வலது கால் கட்டைவிரலைத் தன் ஆள்காட்டி விரலால் மெல்ல மேல்நோக்கி வளைத்தாள். பூவைத் தொடுவது மாதிரிதான் தொட்டாள். நான் அலறிய அலறலில் தாழ்வாரத்தில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப்பார்த்தார்கள்.

"எத்தன?" என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன்.

"ஒம்பது," என்றேன். "ஒம்பது, மதி. கால் செத்துப்போச்சு மாதிரி இருக்கு."

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம். ஜின்சி ஓடிவந்தாள், ஓடிப்போனாள். டாக்டர் ஹாத்திம் கெண்டைக்காலை ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, "யல்லா," என்று மட்டும் சொன்னார், கிளம்புங்கள் என்று. இந்தத் தடவை அப்ரூவலுக்கு யாரும் காத்திருக்கவில்லை. நடந்தது இதுதான்: காலின் தசைகள் இறுக்கமான உறைகளுக்குள் இருக்கின்றன. உள்ளே வீக்கமோ ரத்தக்கசிவோ ஏற்பட்டால் உறை விரியாது. அழுத்தம் ஏறி, ரத்தம் உள்ளே போக முடியாமல் தசை செத்துப்போகும். சில மணி நேரம்தான் அவகாசம். அதற்குள் உறையைக் கீறி அழுத்தத்தை விடுவித்தால் கால் பிழைக்கும், தவறினால் அந்தத் தாளில் இருந்த வரிதான். அதைக் கண்டுபிடிக்கும் முதல் அடையாளம் எந்த மெஷினிலும் இல்லை, நோயாளி சொல்லும் வலிதான் என்று அவர் பிறகு சொன்னார். விரலை வளைத்துப் பார்ப்பதுதான் டாக்டர்களும் செய்கிற சோதனையாம். வளர்மதிக்கு அது தெரியாது. அவளுக்குத் தெரிந்தது கேஜைத் தட்டுவது மட்டும்தான்.

மீண்டும் கண் விழித்தபோது கால் கனமாக, பெரிய கட்டோடு கிடந்தது. கீறிய இடத்தை உடனே தைக்காமல் நான்கு நாள் திறந்தே வைத்திருந்தார்கள், வீக்கம் வடிய. டாக்டர் வளர்மதியைப் பார்த்து, "மேடம், என் வார்டில் வேலைக்கு வருகிறீர்களா?" என்று கேட்டார். அவள் சிரிக்கவில்லை. "சாயந்தரம் வந்திருந்தேன்னா?" என்றாள். அவர் என் காலைக் காட்டி, இருந்திருக்காது என்று தலையாட்டினார்.

இப்போதைய நிலவரம். கால் இருக்கிறது. முட்டி முழுவதும் மடங்காது. நான்கு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன். இந்தக் கட்டி திரும்பவும் வரக்கூடிய ஜாதி. பந்து உதைக்கவே கூடாது. பள்ளியில் விசிலோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவின் கணக்குப்படி இப்போதும் அதே வேலைதான், ஓரமாக இருப்பது. முருகேசன் அண்ணனை அவர் பயந்தபடியே அன்ஃபிட் என்று எழுதிவிட்டார்கள். ஏர்போர்ட்டிலிருந்து போன் செய்தார். "நம்பரைக் கரெட்டா சொல்லுங்க தம்பி, உங்களுக்குச் சொல்லலாம்," என்றார். அந்த 'உங்களுக்கு'வில் இருந்த வித்தியாசம் எனக்குப் புரிந்தது. வலியைச் சொன்னதற்கு எனக்குக் கிடைத்தது கால், அவர் சொல்லியிருந்தால் கிடைத்திருக்கக்கூடியது டிக்கெட். போனில் அழுதுவிட்டேன், அதை மட்டும் மறைக்கவில்லை.

இரண்டாவது அறுவைக்குப் பின் வந்த செவ்வாய்க்கிழமையைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

காலையில் ஜின்சி பேனாவோடு பலகை முன்னால் நின்று, "எத்ரயா?" என்று கேட்டாள். பழக்கத்தில் உதடு குவிந்தது. நிறுத்தினேன். "ஏழு," என்றேன். அவள் திரும்பி ஒரு தடவை பார்த்துவிட்டு ஏழு என்று எழுதினாள். மருந்தைக் கூட்டினாள். வீடியோ காலில் இனியாவும் கேட்டாள், "வாட்ஸ் யுவர் நம்பர், அப்பா?" ஏழு என்றேன். "தட்ஸ் எ லாட்," என்றாள். பிறகு, "அன்னைக்கு சைக்கிள்ல விழுந்தப்ப எனக்கும் சிக்ஸ்," என்றாள்.

போனை வைத்துவிட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். எதற்கென்று தெரியாமலே பார்த்தேன். பிறகுதான் உறைத்தது, உண்மையான நம்பரைச் சொல்லிவிட்டேன், இன்றைக்குச் செவ்வாய். இருபத்து நான்கு வயதில் பார்த்த அந்த மூன்று பேரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு ஒரு தடவை கதவு திறந்தது, தரை துடைக்கிறவர். பத்தரைக்கு இன்னொரு தடவை, பிசியோ. மதியம் வளர்மதி வந்தாள். என்னைப் பார்க்குமுன் பலகையைப் பார்த்தாள். "ஏழா," என்றாள், "முள்ளு அசையுதுல்லா." இட்லி டப்பாவை வைத்துவிட்டு, மண்டியிட்டு என் இடது காலுக்குச் செருப்பை மாட்டிவிட்டாள், நாற்காலிக்கு மாறி உட்கார. நான் அவள் தோளுக்கு மேலாகக் கதவைப் பார்த்தேன். அது மெதுவாகத் தானே சாத்திக்கொண்டது. அவளுக்குப் பின்னால் யாரும் வரவில்லை.